சாயங்காலம் முதலில் தூக்குவது யார்

...இந்த டாக்டரம்மாவுக்கு இதில் சிரிப்பு வேறு, சிரிக்காமல் கேட்டால்தான் என்னவாம், வெங்கடபதிக்குக் குமட்டியது, டெட்டால் வாடை, எவர் பிள்ளையோ கக்கிய பால் வாடை, அதற்கு மேலே டாக்டர் என்றாலே வரும் அருவருப்பு... மூக்குக்கு ஒருத்தர், நெஞ்சுக்கு ஒருத்தர், தோல் தடிப்புக்கு ஒருத்தர், ஒருத்தர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர், "இதை எந்த மடையன் குடுத்தான்?" என்பார், எழுதினவனா மடையன், வாங்கி ஊற்றிய நானா? தேஜஸ்ரீயின் இளைப்பு மட்டும் நின்றபாடில்லை, விளக்கு வைத்தால் போதும், விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும், நாலு வயசுப் பிள்ளை, பார்க்கச் சகிக்காது. இப்போது இந்த டாக்டர் மெஹராஜ், மனைவி வெங்கடலட்சுமி கண்டுபிடித்தது, அப்பாவும் வந்தே ஆக வேண்டுமாம், கழிவுப் பஞ்சுக் குடோனில் போட்ட வேலையைப் போட்டபடி விட்டு ஓடி வந்தால், இந்த அம்மா பழைய சீட்டுகளைப் பரப்பி வைத்து ஒவ்வொரு டாக்டருக்கும் போன் டயலைச் சுழற்றுகிறாள், பிறகு, ஊட்டுல பூனை இருக்குதுங்களா, பாப்பா யாருகூடப் படுக்குறா... சீ, மருந்தை எழுதித் தொலைக்காமல், சம்பந்தம் பேசவா வந்தோம்?

"சாயங்காலம் பாப்பாவ மொதல்ல யாருங்க தூக்குவாங்க?"

"இவங்கதானுங்க," வெங்கடலட்சுமி முந்திக்கொண்டாள். "குடோன்லிருந்து வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், ஓடிப்போய் ஏறிக்குவா. சட்டையில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டா எறங்கவே மாட்டா."

டாக்டர் அவன் காலரைப் பார்த்தார், அவனும் குனிந்து பார்த்தான், கழிவுப் பஞ்சுத் தூசி, தட்டினான், போகவில்லை, தோளில், கை மடிப்பில், எங்கும்... இதுவா? இத்தனை நாளும் இதுவா? குடோனுக்குள் நுழையும்போது துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்கிறேனே, யார் சொல்லிக் கட்டினேன், தெரிந்துதானே கட்டினேன், எனக்கு மட்டும் தெரிந்தது... தூ, என்ன மனுஷன் நான்? டாக்டர்கள் மேல் இருந்த குமட்டல் அப்படியே திரும்பித் தன் சட்டைக்குள் இறங்கியது.

"அப்பா, தூக்குங்க."

அம்மா மடியில் சலித்துப்போய்த் தேஜஸ்ரீ இரண்டு கையையும் நீட்டினாள். அவன் கையும் பழக்கத்தில் நீண்டது, பாதியில் நின்றது. குளிச்சுப்போட்டு வாரேன் கண்ணு என்று சொல்லலாம், இங்கே எங்கே குளிக்க? அவள் நீட்டிய கையை இறக்கவில்லை, அப்பா ஏன் வரவில்லை என்று அவன் முகத்தையே பார்த்தாள்.