ஐஸ் பெட்டியில் வைத்த சீழ்

திங்கட்கிழமை காலையில் கைக்கு வந்த சீழ் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கிருமி ஒன்றும் வளரவில்லை என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கக் கேட்டதும் பவுனம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிருமியே இல்லை, அப்புறம் என்ன?

அவள் காசிமேட்டில் மீன் விற்கிறவள்; புருஷன் தண்டபாணி விசைப்படகில் வலை இழுக்கிறவன். பத்து நாளைக்கு முன்னால் கெளுத்தி முள் வலது கால் கட்டைவிரலில் ஏறிவிட்டது. முள் குத்தாத மீன்காரன் உண்டா என்று மஞ்சளை அப்பிக்கொண்டு, மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிடந்தான். சர்க்கரை உடம்பு வேறு. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே சீழை டியூபில் எடுத்து லேபுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கட்டைப் பிரித்து விரலைப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“கிருமி இல்லன்னு போட்டுகீதே சார், வூட்டுக்கு இட்டுனு போவட்டா?”

“சீழ் வந்துகிட்டே இருக்கேம்மா. என்ன கிருமின்னு தெரிஞ்சாத்தான் அது எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்க முடியும். இப்ப போடுற ஊசி கேக்கல, சிவப்பு மேல ஏறுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லன்னா விரலை எடுத்துடணும். விட்டா பாதமே போயிடும்.”

கட்டைவிரல் இல்லாமல் ஆடுகிற படகில் எப்படி ஊன்றி நிற்பது? டாக்டர் போனதும் தண்டபாணி பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டான். “இன்னாமே இது? காயிதத்துல கிருமி இல்ல, காலுல கீதுன்றாரு. எதுமே நெசம்?”

“எனக்கு இன்னாய்யா தெரியும்? இரு, அந்த லேப்காரிய போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுகினு வரேன்.”

லேப் ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கே வேலை பார்க்கிற ஜூடியின் மேசையில் பவுனம்மாள் காகிதத்தை வைத்து அடித்தாள்.

“இன்னா டெஸ்ட்டு எடுத்தே நீ? சீழு கொட்டிகினு கீது, கிருமி இல்லன்னு எழுதிக் குடுத்துக்கிறே! தூங்கிகினு பாத்தியா?”

ஜூடிக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் குழப்பம்தான். “கிருமி வளக்குற தட்டுல ரெண்டு நாள் வெச்சுப் பாத்தேன்க்கா. சத்தியமா ஒண்ணும் வளரல. காயம் எப்படிப் பட்டுச்சு?”

“கெளுத்தி முள்ளு.”

“கடல்லயா? அதை யாருமே சொல்லலியே. சரி, டியூபை யார் கொண்டாந்தது?”

“நான்தான். நர்ஸம்மா கையில குடுத்துச்சு.”

“நேரா வந்தீங்களா?”

“எங்க நேரா வர்றது? கண்டெய்னர் லாரி தேர் மாதிரி நின்னுகினு கீது. காசிமேட்டுல இறங்கி, கையில கெடந்த மீன வித்துட்டு சாயங்காலமாத்தான் வந்தேன். ஆனா கெட்டுப்போவ வுடல பாப்பா! வெயில்ல பாழாயிடுமேன்னு ஐஸ் பெட்டில மத்திக்கு நடுவுல பொதச்சு, மேல ஒரு கூடை ஐஸ் ஒடச்சுக் கொட்டி வெச்சேன். அஞ்சு மணி நேரம். வஞ்சிரத்தக் கூட அப்டி பாத்துகினது இல்ல.”

ஜூடி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ அக்கா! கடல் கிருமி சிலதுக்கு ஐஸ் ஆவாது, செத்துடும். அப்புறம் தட்டுல வெச்சா வளராது.”

பவுனம்மாளுக்குத் தலை சுற்றியது. ஐஸில் வைத்தால் எதுவும் கெடாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் நம்பிப் பிழைத்தது அதைத்தான். கெடக்கூடாது என்று வைத்ததாலேயே ஒன்று கெட்டுப்போகுமா?

“அப்போ அவரு காலயே ஐஸுல வெச்சுடட்டா? கிருமி பூடுமே!”

ஜூடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போவாதுக்கா. உள்ள உடம்புச் சூடு இருக்கே. ரத்த ஓட்டம்தான் குறைஞ்சு கால் இன்னும் மோசமாவும், அதை மட்டும் பண்ணிடாதீங்க. அவரு மாத்திரை வேற போட்டிருக்காரு. அதனால வளரலியா, ஐஸாலயான்னு என்னாலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. புதுசா எடுத்து நேரா கொண்டாங்க. கடல் முள்ளுன்னு சீட்டுல எழுதச் சொல்லுங்க.”

அன்று மதியமே புது டியூபோடு கிளம்பினாள். பாதி வழியில் மறுபடியும் லாரிகள் நின்றுவிட்டன. ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தாள். கையில் சீழ் வேகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு ஐஸ் வண்டி வேறு பக்கத்திலேயே உருண்டு வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

புதன்கிழமை மதியம் ஜூடி ஒரு வட்டத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தட்டு முழுக்கப் பாசி மாதிரி மங்கலாகப் படர்ந்திருந்தது. நடுநடுவே பொட்டு அளவுக்கு வெள்ளை வில்லைகள். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் கழுவி விட்டதுபோல வட்டம்.

“இந்தப் பாசிதான் கிருமி. ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு மருந்து. வட்டம் இருக்குற எடத்துல கிருமியால வளர முடியல. இதோ, அவரு போட்ட மாத்திரை. பாருங்க, ஒட்டிக்கினு வளந்திருக்கு.”

“அப்போ இந்தப் பெரிய வட்டம்தான் நல்ல மருந்தா?”

“அப்டி இல்லக்கா. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அளவு. இந்தச் சின்ன வட்டம் அதுக்குப் போதும். அந்தப் பெரிசு அதுக்குப் பத்தாது.”

“இன்னா பாப்பா, சின்னது போதுமாம், பெரிசு பத்தாதாம்! பேஜாரா கீது.”

“டாக்டருக்குப் புரியும். நீங்க ரிப்போர்ட்டைத் தூக்கினு ஓடுங்க.”

அன்று சாயங்காலமே ஊசி மாறியது. நர்ஸ் ரஹீமுன்னிசா, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே பாதத்தில் பேனாவால் கோடு போட்டார். “இதைத் தாண்டினா கூப்பிடுங்க.”

வியாழக்கிழமை முழுக்கப் பவுனம்மாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து எது தோல், எது சிவப்பு என்பதே தெரியாமல் போயிற்று.

“இன்னாமே, தூண்டில் போட்டவளாட்டம் குந்திகினுகீறே?” என்றான் தண்டபாணி.

“சும்மா கெட. காலை ஆட்டாதே, கோடு நவுருது.”

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். சிவப்பு அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. “இன்னிக்கு எடுக்க வேணாம். இதே ஊசி போகட்டும்.”

“அப்போ விரலு தங்கிடும்ல சார்?”

“இப்படியே இறங்கினா தங்கும்மா.”

தங்கும் என்கிறாரா, இறங்கினால்தான் என்கிறாரா? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தண்டபாணி கட்டைவிரலை மெல்ல அசைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

“வலிக்குதுமே.”

“வலிக்குதா? நேத்து வரைக்கும் மரத்துப்போச்சுன்னியே!” என்று எழுந்தவள், அறையைத் தாண்டிப் போய்விட்ட டாக்டரின் பின்னாலேயே ஓடினாள். “சார், சார்! வலிக்குதாம்! அது நல்லதா, கெட்டதா?”