பட்டறைக்கு வந்த நாள்

...கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருக்கிறாரே மனுஷன், அது இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடப் பார்க்க முடியாதே, ஏற்கெனவே நொந்துபோன உயிர், அந்த மேஸ்திரி வேறு இன்றைக்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவானே என்று பதறிக்கொண்டே ஆஸ்பத்திரியின் பின்பக்க நடையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கணவரின் பட்டறைக்கு இன்றுதான் வருகிறாள். உடைந்த கட்டில், சக்கர நாற்காலி, மருந்து வண்டி எல்லாம் பழுது பார்க்கும் இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்குத் தோள் இரண்டும் தொங்கிப் போயிருக்கும், உடனே டிவியின் சத்தம் குறையும், மகள் கல்லூரிக் கதையைப் பாதியில் விழுங்கிக்கொள்வாள், இவள் தண்ணீர்ச் செம்போடு போய் நிற்பாள், "ரொம்பக் கஷ்டமாங்க இன்னிக்கு?" என்பாள், "ம்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு 'ம்'முக்காகத்தானே பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடிதம் கிடக்கிறது... கூரியர் ஆபீஸில் இவளை மேற்பார்வையாளர் ஆக்குகிறோம் என்றார்கள், சாயங்கால ஷிஃப்ட், நாளைக்குள் பதில் வேண்டுமாம். எவ்வளவு நாள் ஆசை! ஆனால் அடிபட்டு வருகிற மனுஷன் செம்போடு நிற்க ஆளில்லாத வீட்டுக்குள்ளா நுழைவது? வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

பட்டறைக் கதவில் மேல்பாதி கண்ணாடி. எட்டிப் பார்த்தாள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐயோ, கால்... காலுக்கு என்ன, ஏன் யாரும் போன் பண்ணவில்லை, கட்டில் எதுவும் சரிந்து விழுந்ததா, காலையில்கூட நன்றாகத்தானே படியிறங்கினார்... கதவைத் தள்ளக் கை வரவில்லை, விரல் கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டது. அப்போது நாற்காலி நகர்ந்தது. நகர்ந்தது என்ன, பறந்தது! ஒரு கட்டிலைச் சுற்றி, ஆக்ஸிஜன் வண்டிக்கு இடையில் புகுந்து, ஒற்றைச் சக்கரத்தில் சாய்ந்து ஒரு திருப்பு. "ராக்கெட் அண்ணே, விடாதீங்க, விடாதீங்க!" என்று இரண்டு பேர் கைதட்டுகிறார்கள், குள்ளமாக ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கிறார். "மேஸ்திரி, எவ்ளோ?" என்று கத்துகிறார் இவள் கணவர். மேஸ்திரியா? அந்த ராட்சசனா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற இந்த மனுஷனா? கணவர் இறங்கி, நாற்காலியைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழற்றி, அதில் காதை வைத்துக் கண்ணை மூடினார், எல்லாரும் மூச்சு விடாமல் நின்றார்கள். "இடது பக்க பேரிங். தேஞ்சிருக்கு. கழட்டு." கண்ணாடி எதற்கு இவருக்கு? பிறகு எதையோ சொல்லிச் சிரித்தார்... வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதே இவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

தூக்கிவாரிப் போட்டது இவளுக்கு. நல்லவேளை, காலுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வேண்டியதுதானே, ஏன் இப்படி நெஞ்சு எரிகிறது? இருபத்திரண்டு வருஷம்! குறைத்து வைத்த டிவி, மகள் விழுங்கிய கதைகள், இந்தக் கடிதம்... என்னை இப்படி ஏமாற்றலாமா? ஏமாற்றினாரா? வேலை பிடிக்கவில்லை என்று என்றைக்காவது வாயைத் திறந்து சொன்னாரா? யோசித்தால் ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை, மேஸ்திரி கெட்டவன் என்றுகூட அவர் சொன்னதாக... இவளாகத்தான்... கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், "இன்னிக்கு ஒரு கட்டில் வந்துச்சு பாரு" என்று எதையோ சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார், கை முழுக்க கிரீஸ், அதைப் பார்த்து இவள், "பாவங்க நீங்க" என்றாள். அந்தக் கட்டிலுக்கு என்ன ஆனது? கேட்கவே இல்லையே. கூரியர் ஆபீஸில் இவளும்தான் வாயாடி, இவள் லீவு போட்டால் ஆபீஸே வெறிச்சென்று இருக்கும் என்பார்கள், அந்த வாயாடியை அவர் மட்டும் பார்த்திருக்கிறாரா என்ன?

கதவு எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. எல்லாரும் திரும்பினார்கள். அவரும் திரும்பினார். கண்ணாடிக் கூட்டை நீட்டினாள், திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள், ஆனால் புருவம் தானாகச் சுருங்கியது, குரல் தானாகக் குழைந்தது. "ரொம்பக் கஷ்டமாங்க இன்னிக்கு?" என்று கேட்டே விட்டாள். யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"ம்," என்றார் அவர். தோள் இரண்டும் தொங்கியிருந்தன.

திரும்பி நடந்தாள். நடையில் எங்கோ ஒரு வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. கை பையினுள் போய்க் கடிதத்தைப் பிடித்துக்கொண்டது, கிழிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்தத் தோள்... இவளைப் பார்த்ததும் தொங்கியதா, இல்லை, இவள் கேட்ட பிறகா? நேருக்கு நேர்தானே நின்றாள், எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.