மூன்று முறை அலசிய குப்பி

விஜி ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கோவில்பட்டியில் தண்ணீர் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் குப்பி கழுவுகிறாள். யாரோடும் பேச வேண்டாத வேலை என்பதால் அதை ராஜ உத்தியோகமாகவே நினைத்திருந்தாள்.

குடிதண்ணீரில் போடுகிற குளோரின், அதில் கிடக்கும் மக்கிய தழையோடு சேர்ந்து குளோரோஃபார்ம் மாதிரி சிலதைத் துளியிலும் துளியாக உண்டாக்கும்; வரம்பு மீறினால் உடம்புக்கு ஆகாது. அதை அளப்பவர் லிங்கராஜ் சார். செவ்வாய்க்கிழமை அவர், "ஏம்மா விஜி, உங்க தெருவுல இன்னைக்குத் தண்ணியாமே. இந்தக் குப்பியில குமிழி இல்லாம புடிச்சுட்டு வா" என்றார்.

குழாயடியில் மூடியைத் திறந்தால் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. விஜிக்கு உயிரே போய்விட்டது. தான் கழுவிய லட்சணம், சோப்புத்தூள்கூடப் போகவில்லை. யாரும் பார்க்குமுன் மூன்று தடவை அலசி ஊற்றினாள்.

வரிசையில் நின்ற பத்திரகாளி அக்கா பார்த்துவிட்டாள். "எட்டு நாளைக்கொருக்கா வார தண்ணிய இப்படி ஊத்துதியே ஏட்டி, போற வீடு விளங்கும்."

மறுநாள் அளவு வரம்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. சார் நகராட்சிக்குச் சொன்னார். அடுத்த முறை அந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை என்று ஆட்டோவில் கத்திக்கொண்டு போனார்கள்.

"பொடி போட்டும் இவ்வளவு எப்படி?" என்று சார் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"எந்தப் பொடி சார்?" வேலைக்கு வந்த ஆறு மாதத்தில் விஜி கேட்ட முதல் கேள்வி இது.

"குளோரினை அங்கனயே அடக்குத பொடி. இல்லேன்னா அது குப்பிக்குள்ளயும் வேலை பாத்துக்கிட்டே இருக்கும், அளவு ஏறிரும்."

வாயைப் பொத்திக்கொண்டிருப்பது விஜிக்குக் கைவந்த கலை. ஆனால் ஒரு முறை போனால் பதினாறு நாள். தெரு முழுக்க வெறுங்குடம்.

"அந்தப் பொடிய நான் அலசி ஊத்திட்டேன் சார். சரியா கழுவலன்னு நினைச்சு."

"யாரு சரியா கழுவல?"

"நான்தான்."

சார் நகராட்சிக்குப் போன் போட்டு அவள் கையிலேயே கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு குரல், "யாரு பேசுதது?"

"குப்பி கழுவுதவ. தப்பு தண்ணியில இல்ல சார், எங்கிட்ட. இன்னொருக்கா எடுத்துப் பாக்குத வரைக்கும் நிறுத்திராதீங்க." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

தெருவுக்கு வரும் மேல்நிலைத் தொட்டியில் சாரே போய்த் தண்ணீர் எடுத்தார். விஜி குப்பிக்கு மூன்றடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அளவு வரம்புக்குள் அடங்கியது.

"தண்ணி வரும். தெருவுல நீயே வீடு வீடா சொல்லிரு" என்றார் சார்.

மொத்தம் அறுபத்திரண்டு வீடு. முதல் வீடு பத்திரகாளி அக்காவுடையது. ஊமையாகவே இருந்திருக்கலாமோ என்று யோசித்தபடியே விஜி கதவைத் தட்டினாள்.