புழக்கத்தில் இல்லாதவர்

எங்கள் நகரத்தில் ஒருவர் பத்து வருடம் தனியாக வாழ்ந்து முடித்தால், அவர் முகம் பதித்த வண்ண நாணயம் ஒன்றை வெளியிடுகிறார்கள். ஐந்து ரூபாய் நாணயம். ஒருவருக்கு ஒன்றுதான். அதை அவர் கையில் கொடுப்பதில்லை. மற்ற சில்லறையோடு சேர்த்துப் புழக்கத்தில் விட்டுவிடுவார்கள். பால் வாங்கும்போதோ, பேருந்தில் மீதி வாங்கும்போதோ அது யாருக்காவது கிடைக்கும். கிடைத்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாணயத்தின் பின்புறம் பொறித்திருக்கும் முகவரிக்குப் போய், அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். பேசிவிட்டு வரும் வழியில் அதைச் செலவழித்துவிடுவது வழக்கம்.

நான் செலவழிக்கவில்லை. சேர்த்து வைத்தேன்.

முதல் நாணயம் கிடைத்தபோது போகலாம் என்றுதான் இருந்தேன். சட்டையைக்கூட இஸ்திரி போட்டாயிற்று. போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று அலமாரியில் வைத்தேன். பிறகு இன்னொன்று கிடைத்தது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிகளைப் பிரேமின் அளவுக்குத் தேய்ப்பது என் வேலை. நாள் முழுவதும் வாய் திறக்கத் தேவையில்லை. எதிரில் இருக்கும் பேக்கரியிலும் பக்கத்து மருந்துக் கடையிலும் வண்ணக் காசு வந்தால் எனக்கு மீதியாகக் கொடுத்துவிடுவார்கள். அப்படி முப்பத்தோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை மேஜையில் வரிசையாக எடுத்து வைப்பேன். நீலச் சேலை, மஞ்சள் சட்டை, சிவப்புக் கம்பளிக் குல்லா. தேய்ந்த இடங்களைப் பருத்தித் துணியால் மெதுவாகத் துடைப்பேன். மாலையில் திரும்பவும் பெட்டியில் அடுக்குவேன். அந்த நாட்களை நான் தனியாகக் கழித்ததாக நினைக்கவில்லை.

எனக்கும் பத்து வருடம் முடிய பத்தொன்பது நாட்கள்தான் இருந்தன. கடைசி மாதத்தில் அரசாங்கம் ஒரு கண்காணிப்பாளரை அனுப்பும். அவர் பெயர் திருமேனி. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி என் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். பார்க்க வருகிறவர் யாராவது ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தனிமை கலைந்துவிட்டது என்று பொருள். பத்து வருடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னைப் பார்க்க அதுவரை யாரும் வந்ததில்லை என்பதால் திருமேனிக்கு வேலை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கதவைத் திறந்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. பெட்டியில் இரண்டாவது வரிசையில் நான்காவது ஆள்.

"பூவராகன் நீங்கதானே?" என்றார். "என் பேரு மங்களேஸ்வரி. என்னோட காசு உங்ககிட்ட இருக்குன்னு பேக்கரில சொன்னாங்க."

"இருக்கு. உள்ள வாங்க."

திருமேனி கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

மங்களேஸ்வரி மேஜையருகே வந்தார். தன் நாணயத்தை உடனே கண்டுபிடித்தார். தொடவில்லை. தன் நாணயத்தைத் தானே தொட்டால் வண்ணம் உரிந்துவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க. எத்தனை நாளா இங்க இருக்கு?"

"நாலு வருஷம்."

"நாலு வருஷமா நான் ஞாயித்துக்கிழமை வெளிய எங்கயும் போறதில்ல. யாராவது வந்து, பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிட்டா? ரெண்டு டம்ளர் கழுவி வச்சுட்டு உக்காந்திருப்பேன். பக்கத்து வீட்டு சவரிமுத்துவுக்கு மாசம் மூணு பேர் வர்றாங்க. அவரோட காசு பஸ்லயே சுத்திட்டிருக்கு. என்னோடது மட்டும் எங்க போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் என்னால் உட்கார முடியவில்லை. மேஜையில் இருந்த மற்ற முப்பது முகங்களையும் பார்த்தேன். முப்பது வீடுகளில் முப்பது பேர் டம்ளர் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் வரணும்னுதான் இருந்தேன்" என்றேன். "என்ன பேசறதுன்னு தெரியல."

"அதுக்கென்ன, நான் பேசியிருப்பேனே."

தேநீர் போட்டேன். என்னிடம் ஒரு டம்ளர்தான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் கிண்ணத்தில் குடித்தேன். அவர் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர். "இருபத்திரண்டு வருஷமா மைக்ல பேசறேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பேசினதில்ல" என்றார்.

"எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுவீங்களா?"

"எந்த வண்டி?"

"நிறைய ஊர்ல நிக்கிற வண்டி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று தொடங்கினார். அறை முழுவதும் அந்தக் குரல் நிறைந்தது. திருச்சி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக இருந்தது. ராசிபுரம் போய், நாமக்கல்லுக்கு வந்தபோது கதவு தட்டப்பட்டது.

"சார்" என்றார் திருமேனி, தலையை மட்டும் நீட்டி. "இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு. பத்து வருஷம் சார். பாத்துக்குங்க."

மங்களேஸ்வரி நிறுத்தவில்லை. அறிவிப்பை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் வேலையின் விதி. நானும் கையை உயர்த்தவில்லை. நாமக்கல்லில் அவரை இறக்கிவிட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தொட்டியம் வந்தது. முசிறி வந்தது. திருமேனி பெருமூச்சு விட்டு எதையோ எழுதினார். குணசீலம் வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் நான்கு நிமிடங்கள் ஆகியிருந்தன. திருச்சி போய்ச் சேர்ந்ததும் நான் கைதட்டினேன். அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

பிறகு இருவரும் பேக்கரிக்குப் போனோம். அவர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். நான் அவர் நாணயத்தைக் கொடுத்து இரண்டு வர்க்கி வாங்கினேன். கடைக்காரர் அதைப் பெட்டியில் போட்ட கையோடு எடுத்து, அடுத்து நின்ற ஹெல்மெட் போட்ட பெண்ணுக்கு மீதியாகக் கொடுத்தார். அந்தப் பெண் நாணயத்தைத் திருப்பி முகவரியைப் படித்தாள்.

மங்களேஸ்வரி அதைப் பார்த்துவிட்டார். "நான் கிளம்பறேன். டம்ளர் கழுவணும்" என்று வேகமாக நடந்தார். வர்க்கியை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

அந்த வாரத்திலேயே மற்ற முப்பது பேரையும் செலவழித்தேன். ஒரே கடையில் கொடுக்காமல் வெவ்வேறு தெருக்களில் கொடுத்தேன். மேஜை காலியாகிவிட்டது. மங்களேஸ்வரி வீட்டுக்குப் போக ஆசையாக இருந்தது. ஆனால் அவரைப் பார்க்க இப்போது என்னிடம் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று அவருக்கு விடுமுறை. வேறு யாரோ ஊர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் தனிமை கலைந்துவிட்டதால் நாணயம் பெறும் தகுதியை இழந்துவிட்டேன் என்றும், அடுத்த தகுதி நாள் பத்து வருடம் கழித்து என்றும் எழுதியிருந்தது. ஆனால் நாணயத்தை ஏற்கெனவே அடித்துவிட்டார்களாம். உலோகத்தை வீணாக்கும் வழக்கம் இல்லை என்பதால் என் உருவத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டார்களாம். நாணயத்துக்காக என் வீட்டில் படம் எடுத்தபோது நான் உட்கார்ந்திருந்த பச்சைப் பிரம்பு நாற்காலி மட்டும் தெளிவாக இருக்கிறது, அப்படியே புழக்கத்துக்கு விடுகிறோம் என்று முடித்திருந்தார்கள்.

கடிதம் வந்த பிறகு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்தார். படிய வாரிய தலை. கையில் அரைக்கிலோ திராட்சை.

"நாற்காலி இருக்குங்களா?" என்றார்.

"இருக்கு. உள்ள வாங்க."

"நீங்க?"

"நான் காசுல இல்ல."

அவருக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, அதற்கு எதிரில் அவர் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்து கதவைத் தட்டப் போனேன். உள்ளே இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. கையை எடுத்துக்கொண்டு திரும்பவும் படியில் உட்கார்ந்தேன்.