மஞ்சள் நூல் அடித்த கழுத்துப்பட்டை

நாய் செத்ததற்கு ஒரு மனுஷன் இப்படியா இடிந்துபோவான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கென்ன, வாய் சும்மா இருக்காது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த மனுஷன், அவருடைய நாய் வாண்டு இழுத்தால்தான் வெளியே கிளம்புவார். அது போனபின் வாசல் தாண்டவில்லை. சவரமும் இல்லை. சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழுந்துவிடுவார். டாக்டர் நடக்கச் சொன்னார். யார் கேட்பது?

அவர் மனைவி டெய்லரம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து போனைத் துழாவியபோதுதான் விற்பனைக்கு என்று போட்டிருந்த ஒரு நாய்க்குட்டியின் படத்தைப் பார்த்தாள். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, அச்சு அசல் வாண்டு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நேர்ல பாக்காம காசு அனுப்பாதம்மா. முதல்ல படத்தை எனக்கு அனுப்பு," என்றாள் போனில் மகள். அனுப்பினால் நாலு குறை சொல்வாள் என்று டெய்லரம்மா அனுப்பவில்லை.

வீடியோ காலில் குட்டியைக் காட்டச் சொன்னால் விற்கிறவன் மழுப்பினான். "நிறைய பேர் கேக்குறாங்கக்கா. உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." அக்கா என்றதில் உருகிப்போனாள். முன்பணம், பிறகு தடுப்பூசிக்கு, பிறகு கூண்டுக்கு. வேண்டாம் என்று புத்தி சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்தக் காது!

குட்டி வரவேண்டிய நாளில்தான் கணவரிடம் சொன்னாள். மனுஷன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பழைய சங்கிலியோடு கேட்டருகே போய் நின்றார். வெயில் சாய்ந்தும் வண்டி வரவில்லை. விற்கிறவனின் போன் அணைந்து கிடந்தது.

"படத்தைக் காட்டு," என்றார். வாங்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "கழுத்தைப் பாரு."

காக்கிப் பட்டை. அவருடைய பழைய யூனிஃபார்மை வெட்டி அவளே தைத்தது. காக்கி நூல் தீர்ந்துபோய் மஞ்சள் நூலில் ஓரம் அடித்திருந்தாள். அடுத்தவர் தையலில் இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், காதையே பார்த்துக்கொண்டிருந்து தன் தையலைக் கோட்டைவிட்டாள். வாண்டு குட்டியாக இருந்தபோது மகள் இணையத்தில் போட்ட படம். எவனோ பாவி அதைத் திருடி, செத்த நாயை அவர்களிடமே விற்றிருக்கிறான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் திட்டவில்லை. சங்கிலியைக் கையில் சுற்றியபடி தெருவைப் பார்த்தார்.

"நம்மகிட்ட மட்டுமா வித்திருப்பான்? இன்னிக்கு எத்தனை வீட்டு வாசல்ல நம்ம வாண்டுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்களோ. பொண்ணுக்குப் போன் போடு. எல்லாருக்கும் தெரியிற மாதிரி அந்தப் படத்தைப் போட்டு எழுதச் சொல்லு, இந்த நாய் செத்துப்போச்சுன்னு."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை.