மூன்றாவது கடையில் போட்ட கூறு

பசியாவரம் ஜேம்ஸ் தை மாதத்திலிருந்து ஒரே ஒரு சொல்லுக்காகத் தவம் கிடந்தார். அந்தச் சொல் அனுப்பம்பட்டு கேசவனின் வாயிலிருந்து வரவேண்டும். 'சம்பந்தி.' அவ்வளவுதான். சொன்னால் காசா பணமா? ஆனால் கேசவன் சொல்லவில்லை.

ஜேம்ஸின் மகள் எப்சிபாவும் கேசவனின் மகன் கவியரசனும் பெங்களூரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள். கட்டிக்கொள்வது என்று முடிவும் செய்துவிட்டார்கள். இந்தப் பக்கம் பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற கிறிஸ்தவக் குடும்பம், அந்தப் பக்கம் நெல் விளைக்கிற இந்துக் குடும்பம். பெரிய கலாட்டா நடக்கும் என்று ஊரே ஆசையோடு காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கேசவன் "பாப்போம்" என்றார். அதோடு சரி.

கேசவன் எதற்குமே பாப்போம் என்கிற மனிதர். மழை வருமா என்றால் பாப்போம். வந்து கொட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் பாப்போம். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டால், தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே பாப்போம் என்பார். இப்படிப்பட்டவரிடம் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது என்றால் சும்மாவா? எப்சிபாவோ, "மாமா மனசார ஒத்துக்காம தாலி கட்டிக்க மாட்டேன் நைனா" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். ஜேம்ஸின் மனைவி ரோசிக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. ரோசிக்குத் தூக்கம் போனால் வீட்டில் வேறு யாருக்கும் தூக்கம் கிடையாது என்பது ஜேம்ஸுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

கடைசியில் மாப்பிள்ளைப் பையன் கவியரசன்தான் ஒரு யோசனை கண்டுபிடித்தான். பிள்ளைகள் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வாருங்கள் என்று இரண்டு அப்பாக்களையும் ஒரு சனிக்கிழமை பெங்களூருக்கு வரவழைத்தான். வந்த பிறகு ஜேம்ஸைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"மாமா, எங்கப்பாவுக்கு ரெண்டு கிளாஸ் உள்ள போனாதான் வாயே தொறக்கும். இங்க பப் கிரால்னு ஒண்ணு இருக்குது. ஒரு அம்மா கூட்டிக்கினு போவாங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சி ஒண்ணு மாத்தி ஒண்ணா நாலு பப்பு. உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன்."

"நான் குடிக்கிறதில்லையே தம்பி. எப்சிபா காலேஜ் சேர்ந்தப்ப மாதாவுக்குப் பொருத்தனை வச்சி உட்டுட்டேன்."

"நீங்க குடிக்க வேணாம் மாமா. கூட நடங்க, போதும்."

ரோசிக்குப் போன் போட்டு இப்படி வெளியே போகிறோம் என்றார் ஜேம்ஸ். எந்த இடம் என்று கேட்டாள். சர்ச் ஸ்ட்ரீட் என்றார். அது உண்மைதான். "நல்லா ஜெபம் பண்ணிட்டு வா" என்று வைத்துவிட்டாள்.

கூட்டிப்போகும் பெண்ணின் பெயர் வினோதினி. வேலூர்ப் பக்கத்துப் பெண், நல்ல தமிழ் பேசினாள். கையில் ஒரு சிவப்புக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கூட்டம் கொடியை விட்டு விலகக்கூடாது என்றாள். ஏரியில் கொடி நட்டிருந்தால் அதன் கீழே யாருடைய வலையோ கிடக்கிறது என்று அர்த்தம், தள்ளிப் போகவேண்டும். ஜேம்ஸ் பழக்கதோஷத்தில் பத்தடி தள்ளியே நடந்தார். வினோதினி இரண்டு தடவை திரும்பி வந்து அவரை ஓட்டிக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாம் இளசுகள். நடுவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு கேசவன், ஓட்டுக் கேட்க வந்தவர்போல இருந்தார். முதல் பப்பின் வாசலில் நின்ற ஆள் வேட்டியை மேலும் கீழும் பார்த்தான். வினோதினி கன்னடத்தில் என்னவோ சொன்னாள். அவன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு முத்திரை குத்தினான்.

"இன்னாது, மாட்டுக்குப் போடறாப்புல?" என்றார் கேசவன். ரயிலடியில் சந்தித்ததிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். ஜேம்ஸுக்கு நம்பிக்கை வந்தது.

உள்ளே ஆளுக்கொரு பீர் வந்தது. கேசவன் ஒரே மூச்சில் பாதியை முடித்தார். ஜேம்ஸ் தன் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் நுரை அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கமாட்டேன் என்று சொன்னால் நான் உன்னைவிட யோக்கியன் என்று சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"குடிக்கலியா?" என்றார் கேசவன்.

ஜேம்ஸ் வாயில் வந்ததைச் சொன்னார். "பாப்போம்."

கேசவனின் முகம் சுருங்கியது. ஊரில் எல்லோருக்கும் கொடுக்கிற மருந்தைத் தனக்கே யாரோ கொடுத்தால் எப்படி இருக்கும்? கசந்தது.

இரண்டாவது பப்பில் பாட்டுச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. அங்கே வினோதினி ஒரு விளையாட்டு வைத்தாள், யாரும் சேரவில்லை. இன்னொன்று வைத்தாள், அவள் மட்டும் விளையாடினாள். பாவம், நல்ல பெண். ஜேம்ஸின் கைக்கு வந்த இரண்டாவது கிளாஸும் அப்படியே நிரம்பி நின்றது. கேசவன் அதைப் பார்த்தார், ஜேம்ஸைப் பார்த்தார், அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்கூட குடிச்சா கொறஞ்சி பூடுவீங்களாங்க?" என்று காதருகே வந்து கத்தினார்.

ஜேம்ஸ் பதிலுக்குக் கத்தினார். ஏரியில் அந்தப் படகுக்கும் இந்தப் படகுக்கும் கேட்கிற குரல் அவருடையது. ஆனால் இந்தப் பாட்டின் முன்னால் அது எடுபடவில்லை. மாதா, பொருத்தனை, எதுவும் கேசவன் காதில் விழவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது, அதுவும் சண்டைக்கு வருவதுபோலத் தெரிந்தது. கேசவன் கொடிக்குப் பின்னால் விறுவிறுவென்று முன்னே போய்விட்டார். கல்யாணம் கையை விட்டுப் போகிறது என்று ஜேம்ஸ் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே போனார்.

மூன்றாவது கடையில் சத்தம் குறைவு, வெளிச்சம் அதிகம். டிக்கெட்டோடு சேர்ந்த தீனி அங்கேதான். ஒரு பெரிய தட்டு நிறையக் கோழி, எறா, உருளைக்கிழங்கு என்று வந்து மேசை நடுவில் உட்கார்ந்தது. கேசவன் வயல்காரர், கை கால் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார். கழுவிவர எழுந்து போனார். பப்பில் கால் கழுவ இடம் தேடினால் நேரம் ஆகுமா ஆகாதா? அவர் ஈரக் காலோடு திரும்பி வந்தபோது தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டும் கொஞ்சம் வெங்காயமும் இருந்தன. பசங்கள் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

கேசவன் எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். காலையில் ரயிலில் தின்ற இரண்டு இட்லியோடு வந்த மனிதர்.

ஜேம்ஸுக்குச் சுரீர் என்று கோபம் வந்துவிட்டது. படகில் இப்படி ஒரு அநியாயம் நடக்குமா? வலையில் மீன் பாடு எவ்வளவு கிடைத்தாலும், கூறு போடும்வரை ஒருத்தனும் கை வைக்கக்கூடாது. பசியில் செத்தாலும் கூடாது. பிடித்ததையெல்லாம் கொட்டி, ஆளுக்கொரு கூறு பிரித்து, படகுக்கு ஒரு கூறு வைத்து, அப்புறம் ஒருத்தன் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பான். கூறு போட்டவன் ஒன்றைத் தொட்டு 'இது யாருக்கு' என்பான். திரும்பி நிற்பவன் பெயரைச் சொல்வான். சொன்னால் சொன்னதுதான். எந்தக் கொம்பனும் மாற்ற முடியாது.

"இன்னொரு தட்டு கொண்டாரச் சொல்லும்மா" என்றார் ஜேம்ஸ் வினோதினியிடம். அந்தக் குரலில் அவள் பயந்து உடனே சொல்லிவிட்டாள். தட்டு வந்தது. ஏழெட்டுக் கைகள் நீண்டன.

"கை வெக்காத! எடு கைய!"

பக்கத்து மேசைக்காரர்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

ஜேம்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மேசை மேல் டிஷ்யூ பேப்பர்களை வரிசையாக விரித்தார். கோழியைப் பிரித்தார். எறாவை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "பண்ணை எறா" என்று முகம் சுளித்தார். சிறுசு இரண்டு ஒரு கூறுக்கு, நடுத்தரம் ஒன்று ஒரு கூறுக்கு, குறைகிற இடத்தில் உருளைக்கிழங்கு. ஒரே ஒரு எறா மட்டும் உள்ளங்கை நீளம் இருந்தது. அதை வைத்த கூறில் வேறு எதையும் வைக்கவில்லை, ஆனாலும் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான்.

"ஒண்ணு கூட இருக்கே அங்கிள்?" என்றாள் வினோதினி.

"அது படகுக்கு. இங்க படகு ஏது? சொமந்துக்கினு வந்தானே அந்தத் தம்பி, அவனுக்கு."

தட்டு கொண்டுவந்த பையன் வேறு மேசைக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

"திரும்பி நிக்க ஒரு ஆள் வேணும்" என்றார் ஜேம்ஸ். பசங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் நிக்கிறேன்."

கேசவன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"உங்களுக்கு இது தெரியுமாங்க?" ஜேம்ஸுக்கு நம்பமுடியவில்லை.

"எங்கூர்ல கெடா வெட்டி கறி கூறு போட்டா நான்தான் திரும்பி நிப்பேன். எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க வூட்டு ஆளுதான்."

"திரும்பி நின்னு சொன்னா அப்பால மாத்தக்கூடாது."

"அத எனக்கே சொல்றீங்களா?" என்று கேசவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"இது யாருக்கு?"

"தொப்பி போட்ட பையனுக்கு!"

"இது யாருக்கு?"

"சும்மாவே சிரிச்சிக்கினு இருக்குதே, அந்தப் பொண்ணுக்கு!"

கூட்டம் கைதட்டியது. பெயர் தெரியாததால் கேசவன் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டே போனார். கிழிஞ்ச பேண்டுக்கு. தாடிக்காரனுக்கு. கொடிக்காரம்மாவுக்கு. பக்கத்து மேசையில் ஒருவர் தங்கள் தட்டையும் கொண்டுவந்து வைத்து எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். வினோதினி கண்கலங்கிப் போனாள். அவள் விளையாட்டு வைத்து இத்தனை பேர் ஒருநாளும் விளையாடியதில்லை. பாப்போம் என்ற ஒரே வார்த்தையில் மாதத்தை ஓட்டுகிற கேசவனா இது என்று ஜேம்ஸ் வாயைப் பிளந்தார்.

கடைசியில் மூன்று கூறுகள் மிஞ்சின. கேசவன், ஜேம்ஸ், சுமந்து வந்த தம்பி. பெரிய எறா இன்னும் போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். கூறு போடுகிறவன் ஒன்றைத் தொட்டுவிட்டு இருமினால், அதில் நல்ல சரக்கு இருக்கிறது என்று திரும்பி நிற்பவனுக்குச் சைகை. ஏரியில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பசியாவரத்தில் சளி பிடித்தவனைக் கூறு போட விடமாட்டார்கள். ஜேம்ஸ் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இருமியது கிடையாது. மாரிக்காலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கூறு போட்டவர்.

அவர் கேசவனின் முதுகைப் பார்த்தார். பசித்த முதுகு. பெரிய எறா இருந்த பேப்பரைத் தொட்டார். மாதாவே மன்னிச்சிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இருமினார். ஒன்றுக்கு இரண்டாக, நன்றாகவே இருமினார்.

"இது யாருக்கு?"

கேசவனின் முதுகு விறைத்தது. அனுப்பம்பட்டிலும் இருமுவார்கள்போல. சுவரைப் பார்த்தபடியே இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினார்.

"சம்பந்திக்கு!" என்றார் கேசவன்.

ஜேம்ஸின் விரல் பெரிய எறாவின் மேலேயே இருந்தது. கேட்டது சரிதானா என்று யாரைக் கேட்பது? தொப்பிப் பையன், "யாரு அங்கிள் அது?" என்று மேசையைச் சுற்றித் தேடினான். "நான்தான்" என்று ஜேம்ஸ் சொல்ல வாயைத் திறந்தார். இப்போது நிஜமாகவே இருமல் வந்தது.

"இன்னா இருமிக்கினே இருக்கிறீங்க? அடுத்தத கேளுங்க, பசிக்குது" என்றார் கேசவன், திரும்பாமல்.

அவர் பங்குக்கு வந்தது நடுத்தர எறா ஒன்று, கருகின உருளைக்கிழங்கு இரண்டு. ஜேம்ஸ் தன் பெரிய எறாவைப் பாதியாகப் பிய்த்து நீட்டினார். கேசவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்பிடிங்க இருக்குது?"

"பாப்போம்" என்றார் கேசவன் மென்றுகொண்டே. அப்புறம் ஜேம்ஸின் முன்னால் நிரம்பி நின்ற மூன்றாவது கிளாஸைப் பார்த்தார். "குடிக்கிறதில்லன்னா குடிக்கிறதில்லன்னு சொல்ல வேண்டியதுதானே? நான்கூட எம்மேல எதுனா வருத்தமோன்னு நெனச்சிட்டேன்."

"மாதாவுக்குப் பொருத்தனைங்க."

"அப்ப அத இப்பிடித் தள்ளுங்க."

வாசலுக்கு வந்து ஜேம்ஸ் ரோசிக்குப் போன் போட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"குடிச்சிட்டியா?" என்றாள் ரோசி எடுத்த எடுப்பில்.

"இல்லடி."

"அப்ப ஏன்யா அழுவுற?"

"எறா கெடச்சிது ரோசி. பெரிய எறா."

ரோசி போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டாள். அறுபது வயதை எட்டப்போகிற ஒரு மனிதர், பிறந்ததிலிருந்து பழவேற்காட்டு எறாவைத் தின்று வளர்ந்தவர், பெங்களூர் போய் எறாவுக்கு அழுகிறார்.

"எறாவுக்கா அழுவுற? அதுவும் அந்த ஊரு எறாவுக்கு?"

"சம்பந்தி குடுத்தாருடி" என்றார் ஜேம்ஸ். "திரும்பி நின்னு சொல்லிட்டாரு. இனிமே மாத்த முடியாது."