சுண்ணாம்பு அடித்த வீடு

உருளைக்கிழங்கு அறுவடைக்காக ஒரு மாதம் மலைக்காட்டுக்குப் போயிருந்த எர்மினியா, மாதாகோயில் திருவிழாவன்று காலையில்தான் வீடு திரும்பினாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. மண் வீட்டுச் சுவரெல்லாம் பளிச்சென்று சுண்ணாம்பு!

"நீ போன மறுநாளே அடிச்சிட்டேன். எப்பிடி இருக்கு?" என்று இளித்தான் புருஷன் கசிமிரோ. இந்த வருஷத் திருவிழாவை எடுத்து நடத்துகிறவன் அவன். ஊரே சாப்பிட வரும் வீடு நாற்றமடிக்கலாமா?

அந்த நாற்றம்தானே மருந்து! ராத்திரியில் சுவர் விரிசலிலிருந்து இறங்கி ரத்தம் குடிக்கும் வின்சூகாப் பூச்சிக்காக, சுகாதாரத்துறைக்காரர்கள் தெளித்துவிட்டுப் போனது. சுவரில் கை வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். இந்த மகராசன் மருந்தை மூடிப் பூசி, பூச்சிக்குப் புதுக்குடித்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறான்.

"உன் தம்பி மக்காரியோ எப்பிடிய்யா செத்தான்?"

"போன திருவிழாவுல ஆடிக்கிட்டே விழுந்தான். மாதா கூப்பிட்டுக்கிட்டா."

"மாதா மேல பழியப் போடாத! பூச்சி விட்ட கிருமி. உடம்பு வருஷக்கணக்கா அதோட சண்ட போட்டுத் தோத்துப்போச்சு. நெஞ்சு ஊதி வெடிச்சுச்சு. டாக்டர் சொன்னப்ப நீயும்தானே நின்ன?"

அப்போது மகள் சுலேமா கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஒரு பக்க இமை மட்டும் வீங்கிக் கருத்திருந்தது. "வலிக்கலம்மா" என்றாள்.

எர்மினியா அந்த இமையைத் தொட்டுப் பார்த்தாள். பூச்சி கடித்த அடையாளம் அதுதான். கிருமி புதிதாக இறங்கியிருக்கும்போதே மருந்து கொடுத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். முற்றவிட்டால் சித்தப்பன் கதிதான். பிள்ளையைச் சால்வையில் சுருட்டி முதுகில் கட்டினாள்.

கசிமிரோ வாசலை மறித்தான். "எங்கடி? வர்றவங்களுக்குச் சிச்சாக் கள்ளு ஊத்த வீட்டுக்காரி இல்லேன்னா என் மானம் போயிரும். விழா முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"உன் மானத்துக்கு எம்புள்ள நெஞ்சு கேக்குதா? நகருய்யா! இல்லேன்னா அந்த மம்பட்டிய எடுத்து இவளுக்கும் ஒரு குழி வெட்டி வச்சிட்டு மறிச்சு நில்லு."

அவன் நகர்ந்தான்.

தெருவில் பேண்டு வாத்தியம் முழங்க, கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. எர்மினியா அதை இடித்துத் தள்ளிக்கொண்டு மருத்துவமனைப் பாதையில் நடந்தாள்.

"என்ன எர்மினியா, வீட்டுக்காரியே ஓடுற? எங்களுக்கு விருந்து எங்க?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"சுவத்துல வெள்ள வெளேர்னு பூசி வச்சிருக்கான். போய் நக்குங்க!"